எட்டு முனைக்கும் பொட்டு

திங்கள், ஆவணி 16

காலையிலேயே வெயில். வேப்பமரத்தடியில்கூட அனல். தீவனம் ஏற்றி வரும்போது பள்ளத்தில் மறுபடியும் டங்.

இந்தப் பள்ளத்தைப் பற்றி எழுதினாலே கோபம் வருகிறது. தீவனம் விளையும் கொல்லைக்குப் போகும் எங்கள் வண்டிப்பாதையின் குறுக்கே குழாய் பதிக்கத் தோண்டியவர்கள், பேருக்கு மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மழைக்கு இறங்கிவிட்டது. வேறு பாதை கிடையாது. போகும்போது ஒரு டங், வரும்போது ஒரு டங். அடி விழுவது ஜீப்பின் வயிற்றில். இடுப்பைப் பிடித்துக்கொள்வது அப்பா.

இன்றைக்கு இறங்கிக் குனிந்து பார்த்தார். எண்ணெய்க் கசிவு.

"போதும். இலுப்பூர் புரோக்கரு ஞாயித்துக்கெழம வாரேன்னுருக்காரு. தள்ளி விட்ருவோம்."

அம்மா: "தள்ளிட்டு தீவனத்த யாரு கொண்டாருவா?"

"வாடகைக்கு டிராக்டரு சொல்லிக்கலாம்."

"அப்ப இவ?"

இவ என்றால் நான். இவளுக்குத்தான் அத்தை வேலை பார்த்து வைத்திருக்கிறாரே. அத்தை அப்பாவின் தங்கை, புதுக்கோட்டையில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம். துணி மடிக்கிற வேலை என்றால் சரி. இது வாசலில் நிற்கிற வேலை. தெருவில் போகிறவர்களைப் பார்த்து "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட வேண்டும். சத்தமாக. நாள் முழுக்க. தெரியாதவர்களை.

பதினொன்றாம் வகுப்பில் தினமும் ஒருவர் காலையில் எல்லோர் முன்னாலும் நின்று செய்தி வாசிக்க வேண்டும். என் முறை வந்த வாரம் காய்ச்சல். அடுத்த முறையும் காய்ச்சல். அப்புறம் பள்ளியிலிருந்தே நின்றுவிட்டேன். பேசக் கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவளைப் புடவைக்கடை வாசலில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

ஜீப்பு என்னை எதுவும் கேட்காது. சாவி, கிளட்ச், கியர், அவ்வளவுதான். ரோட்டில் ஓட்ட இன்னும் வயது வரவில்லை. எங்கள் பாதையில் மட்டும். அது போதும்.

சாயங்காலம் ரேவதி அண்ணி காதோரம் வந்து, "கட்டிலுக்கு அடியில ஒரு பொட்டி இருக்குல்ல, ஒங்கண்ணன் வாங்கிப் போட்டது. அது என்னன்னு தெரியுமா? வண்டிய ஒசத்துற சாமானாம். மூணு இஞ்சு ஒசருமாம்" என்றார்.

அண்ணியே தொடர்ந்தார்: "ஒசந்துருச்சுன்னா டங் அடிக்காதுல்ல?"

இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் பார்த்தோம்.

செவ்வாய், ஆவணி 17

வெயில். காற்றே இல்லை.

பெட்டியைத் திறந்தாயிற்று. உள்ளே:
— வில் மாதிரி வளைந்த ஸ்பிரிங் பட்டைகள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. தூக்க முடியாத கனம்.
— ஷாக் அப்சார்பர். நீல நிறம். அழகு.
— யு மாதிரி வளைந்த போல்ட்டுகள், நட்டு, வாஷர்.
— ஒரு ஸ்டிக்கர். சிங்கம்.
— இங்கிலீஷ் தாள் ஒன்று.

அண்ணி கீரனூர்க்காரர். திருச்சிக்கு பஸ்ஸில் போய் பி.காம். படித்தவர். தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "வார்னிங்னு போட்டுருக்கு. அப்புறம், டு நாட். அதுக்கு மேல மடிப்புல அழிஞ்சு போச்சு" என்றார். எதைச் செய்யக் கூடாது என்று தெரியாமலே தொடங்குகிறோம்.

அப்பாவிடம் கேட்டது அண்ணிதான். நான் கதவுக்குப் பின்னால். அப்பா நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.

"பள்ளத்தத் தாண்டும்போது சத்தம் வரலன்னா வண்டி இருக்கட்டும். வந்துச்சுன்னா புரோக்கருக்கு. ஆனா ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகக் கூடாது. பனந்துண்டு வச்சு முட்டுக் குடுங்க."

கத்தாரிலிருந்து அண்ணன் வாய்ஸ் மெசேஜ்: "ஏய், அதத் தொடாதீங்க. நான் பொங்கலுக்கு வந்து போடுறேன். அதுக்கெல்லாம் டெக்னிக்கு இருக்கு." அண்ணி பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

புதன், ஆவணி 18

மேகம். மழை இல்லை.

போனில் வீடியோ பார்த்தோம். வெள்ளைக்காரர் பொத்தானை அமுக்குகிறார், வண்டி தானாக மேலே போகிறது. போல்ட்டைத் தொடுகிறார், கழன்று வருகிறது. சட்டையில் ஒரு கறை இல்லை.

நாங்கள்: ஜாக்கி, நான்கு பனந்துண்டு, சக்கரத்துக்கு அண்டைகொடுக்கக் கருங்கல். போல்ட்டுகள் துருவேறி இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்தேன். ஸ்பேனரில் குழாயைச் செருகி அண்ணி அதன்மேல் ஏறி நின்றார். நகரவில்லை. குதித்தார். நகரவில்லை. அம்மா வந்து, "புள்ள, எறங்கு, சேலையப் பாரு" என்று திட்டிவிட்டு, தானே குழாயின் நுனியைப் பிடித்துத் தொங்கினார். கிரீச் என்று திரும்பியது.

அம்மாவுக்கு ஒரே பெருமை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நாந்தான் தெறந்தேன்."

முகத்தில் துரு, வாயில் துரு. ஒரு நட்டை மட்டும் நான் எதிர்ப்பக்கமாகத் திருகி உடைத்துவிட்டேன். புதிதாக வாங்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். கடையில் பேச வேண்டும்.

வியாழன், ஆவணி 19

வெயில். பஸ்ஸில் இலுப்பூர். அண்ணிக்குத் தலைவலி, தனியாகப் போனேன்.

யோசித்துத்தான் போனேன். அளவுக்கு இன்னொரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டால் காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் விடவில்லை.

"என்னத்தா, மோட்டாருக்கா?"

தலையாட்டினேன்.

"இல்ல கேட்டுக்கா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"ரெண்டுக்குமா? சொல்லுத்தா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் நட்டோடு ஒரு பெரிய கேட் கீல் இருக்கிறது. எங்கள் வீட்டில் கேட்டே இல்லை. அப்பா அதை மடக்கி மடக்கிப் பார்த்தார். "நல்ல கீலுதான்."

சாயங்காலம் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பட்டையின் நடுவில் இருக்கும் ஆணி சரியாக நடுவில் இல்லை. ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். தாளில் படம் இருக்கிறது: குட்டைப் பக்கம்தான் முன்னால் வர வேண்டும். முன்சக்கரத்துப் பட்டைகளில் இரண்டு முனையும் வேறு வேறு மாதிரி, தப்பாக மாட்டவே வராது. பின்சக்கரத்தவை எப்படி வைத்தாலும் மாட்டிக்கொள்ளும்.

மாட்டுக் கயிற்றால் அளந்து, முன்னால் வர வேண்டிய முனைக்கு அடையாளம் வைத்தேன். பெயின்ட் இல்லை. சாக்பீஸ் அழிந்துவிடும். சாமி மாடத்திலிருந்து குங்குமம் எடுத்து எண்ணெயில் குழைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முனையில் மட்டும் பொட்டு. வரிசையாகக் கோணிமேல் அடுக்கினேன். நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

வெள்ளி, ஆவணி 20

விடிகாலை லேசான தூறல். பிறகு வெயில்.

மாட்டைக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் கோணியின் முன்னால் சூடம் எரிகிறது. எலுமிச்சம்பழம். ஊதுபத்தி. பட்டைகளின் எட்டு முனைக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். என் பொட்டின் மேலும்.

அம்மா தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு, "யாரு இத அரைகொறையா வச்சது? ஒரு முனைக்கு வச்சு ஒரு முனைக்கு வெக்காம விடலாமா? வெள்ளிக்கெழம அதுவுமா. நான் நெறவு பண்ணிட்டேன்" என்றார்.

மறுபடியும் கயிற்றால் அளந்திருக்கலாம். ஆனால் அம்மா சூடத்தை ஒற்றிக்கொள்ளச் சொல்கிறார், அப்பா பட்டையைத் தூக்கிவிட்டார், அண்ணி, "இதுதான் முன்னால வர்ற முனை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறார். பின்சக்கரங்களில் வலதுபுறத்துப் பட்டையில் சந்தேகமில்லை. இடதுபுறத்தில் சந்தேகம்.

"என்னாத்தா, சரிதானே?" அப்பா கேட்டார். பட்டை அவர் தோளில் அழுந்துகிறது.

"ம்" என்றேன்.

என் 'ம்'முக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாட்டிவிட்டார்கள்.

மதியம் வெண்பொங்கல், நல்ல ருசி. அதற்கப்புறம் முன்சக்கரத்துப் பட்டைகளும் முடிந்தன. போல்ட்டு இறுக்கும்போது வண்டிமேல் பாரம் இருக்க வேண்டும் என்று அண்ணி தாளில் படித்தார். தவிட்டு மூட்டையையும் அம்மாவையும் தூக்கி உட்கார வைத்தோம். அடியில் படுத்து இறுக்கினேன். மேலே அம்மா பட்டாணி கொறிக்கும் சத்தம்.

சனி, ஆவணி 21

வெயில். வேலி கிழிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

ஜீப்பு உயர்ந்துவிட்டது! நிஜமாகவே. தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சிங்க ஸ்டிக்கரையும் ஒட்டினோம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தேன்.

பள்ளம்வரை போகவில்லை. நேராகப் போகச் சொன்னால் வண்டி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறது. நண்டு மாதிரி. ஸ்டீரிங்கை ஒடித்துப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. பிடியை விட்டேன், கிளுவை வேலிக்குள் போய்விட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கொல்லைக்காரர் ஆட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, "யாரப் பாத்து வெக்கப்படுது ஒங்க வண்டி?" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. வேலியைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பொழுது சாயும்போது யாரும் இல்லாத நேரமாக மாட்டுக் கயிற்றை எடுத்தேன். வலதுபுறம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு அளவு. இடதுபுறம் அதைவிட இரண்டு விரல் கூடுதல். அதே பட்டைதான். சந்தேகப்பட்ட பட்டை. முன்பின்னாக மாட்டியிருக்கிறது, அதனால் அந்தச் சக்கரம் பின்னால் தள்ளி நிற்கிறது.

காலையில் எழுந்ததும் கழற்றித் திருப்பிவிட வேண்டும். புரோக்கர் மதியம்தானே வருவார். அப்பாவிடம் இப்போதே சொல்லலாம். தூங்கப் போய்விட்டார். போய்விட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஞாயிறு, ஆவணி 22

மேகமூட்டம்.

புரோக்கர் காலையிலேயே வந்துவிட்டார். ஜாக்கியைக்கூட நான் எடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு பை.

"ஒசத்தி கிசத்தி ஜம்முன்னு வச்சிருக்கீங்களேண்ணே! இதுக்கு ஆளு இருக்கு எங்கிட்ட. இன்னைக்கே கொண்டுட்டுப் போயிருவாங்க."

உயரமாக்கியதே தப்பாகப் போய்விட்டதே.

அப்பாவை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார். இறங்கி, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அண்ணே, வண்டி எங்கயோ பலமா அடி வாங்கியிருக்கு."

"ஒண்ணும் வாங்கல தம்பி."

"மூஞ்சி அங்கிட்டுப் போவுது, முதுகு இங்கிட்டு வருது. சேஸு, அடிச்சட்டமே வளைஞ்சுருக்குண்ணே. எங்கிட்டயே மறைக்கிறீங்களே." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான ஓட்டுவியாம். எங்கயாச்சும் கொண்டுபோயி மோதுனியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"புள்ள பேசாதோ?"

"அது அப்படித்தாங்க" என்றார் அம்மா.

காபி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள்ளே குதியாட்டம். பிறந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு பலன். அவருடைய காபியையும் நானே குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் கெட்டுப்போனது. அப்பா கழற்றிப்போட்ட பழைய பட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வளைஞ்ச வண்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது? கீரனூர்ல பழைய இரும்பு எடுக்குறவன் இருக்கான். புதன்கெழம வரச் சொல்றேன். அறுத்து எடுத்துக்கட்டும்." பிறகு அத்தைக்குப் போன் போட்டார். "ஆமாம்மா. புதன்கெழமையே அனுப்பி வைக்கிறேன். கடையில சொல்லி வையி."

அறுத்து. அந்தச் சொல்தான். சிங்க ஸ்டிக்கர் ஒட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை.

"அப்பா."

அப்பா திரும்பவில்லை. நான் கூப்பிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்காது. இன்னும் கொஞ்சம் சத்தமாக:

"அப்பா, வளையலப்பா. பின்னால எடது பக்கத்துப் பட்டை முன்பின்னா மாட்டியிருக்கு. ஒரு பக்கம் குட்ட, ஒரு பக்கம் நீளம். மாத்திப் போட்டதுனால அந்தச் சக்கரம் ரெண்டு விரக்கட பின்னால நிக்குது. கயிறு வச்சு அளந்துட்டேன். கழட்டித் திருப்பிப் போட்டா நேராயிரும். எனக்கு நேத்தே தெரியும்."

மூச்சு வாங்கியது. அண்ணியின் சீப்பு தலையிலேயே நின்றது.

அப்பா: "நேத்தே தெரியுமா?"

"ம்."

"அந்த ஆளு அத்தன தடவ கேட்டாருல்ல. அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாங்கிட்டுப் போயிருப்பாருல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், டங் கேட்டால் பிடிப்பாரே, அதே இடம்.

அம்மா: "ஊமக்கோட்டான் மாதிரி இருக்கான்னு நெனச்சேன். இவ இத்தன நாளும் யோசிச்சுக்கிட்டுல்ல இருந்திருக்கா!" உடனே, "அதுக்காக நான் பொட்டு வச்சது தப்பா?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் போல ஆகிவிட்டார்கள்.

மதியத்துக்குமேல் கழற்றித் திருப்பி மாட்டினோம். புது போல்ட்டு, வெண்ணெய் மாதிரி வந்தது. குங்குமச்சிமிழை இடுப்பில் செருகிக்கொண்ட அண்ணி, அம்மாவிடம் சொன்னார்: "அத்தை, வேல முடியட்டும். அப்புறம் வண்டி முழுக்க வையிங்க, நான் எதுவும் சொல்லல."

திங்கள், ஆவணி 23

தூறல். மண்வாசனை. கை முழுக்கக் காயம், எழுத வலிக்கிறது.

முதல் பிரச்சினை: அம்மாவால் ஏற முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு காலைத் தூக்கி, "ஒசத்துனீங்களே, என்னைய யாரு ஒசத்துவா?" முக்காலி போட்டு ஏற்றினோம். முக்காலியைக் கீழே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டால் இறங்க முடியாது, அதனால் முக்காலியும் வண்டியில். அப்பா யோசித்துக்கொண்டே கேட் கீலை எடுத்து வந்தார். ஒரு பலகையை அதில் மாட்டிவிட்டால் மடக்குப் படியாம். கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

அம்மாவும் அண்ணியும் பின்னால். அப்பா பக்கத்தில். நான் ஓட்டினேன். வண்டி நேராகப் போகிறது. ஆட்டுக்காரர் முன்யோசனையாக ஆட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார், தேவைப்படவில்லை.

பள்ளம். அப்பா தயாராக இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கியது. ஏறியது.

தவளைச் சத்தம்தான்.

அப்பா கையை எடுக்கவே இல்லை. "தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுப்பா."

"என்ன, சத்தத்தையே காணோம்?"

நம்பவில்லை. பின்னால் எடுத்து மறுபடியும் தாண்டச் சொன்னார். அப்புறம் அவர் இறங்கிப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னொரு தடவை. அம்மா, "எனக்குக் கொமட்டுது, என்னைய எறக்கி விட்டுட்டு வெளையாடுங்க" என்று கத்தினார். முக்காலி அண்ணியின் காலடியில் மாட்டிக்கொண்டது.

அண்ணி வீடியோ எடுத்து அனுப்பினார். கத்தாரிலிருந்து: "பாத்தியா, நான் வாங்குன கிட்டு!"

கொல்லையிலேயே நிற்கும்போது அத்தையின் போன். நாளை மறுநாள் எத்தனை மணி பஸ்ஸில் அனுப்புகிறீர்கள் என்று கேட்கத்தான். அப்பா ஹலோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு" என்று போனை என் கையில் வைத்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ். வழுக்கியது.

"அத்தை, நான் வரல. வண்டி சரியாயிருச்சு. நாந்தான் ஓட்டணும்."



"ஹலோ, யாருங்க பேசுறது?" என்றார் அத்தை.